முதலியாண்டான் சுமந்த தண்ணீர்க் குடம்

உற்ஸவ காலத்தில் பெருமாளை ஸேவித்துவிட்டு உடையவர் ஸந்நிதிக்கு வரும் பக்தர்கள், தீர்த்தம் பெற்றுக்கொண்டு, தலை தாழ்த்திக் கைகட்டி நிற்பார்கள். அர்ச்சகர் அவர்கள் முடிமேல் எம்பெருமானாரின் திருவடிநிலைகளை ஸாதிப்பார். பெருமாள் ஸந்நிதியில் ஸாதிக்கப்படுவதற்கு ஸ்ரீசடகோபம் என்று பெயர் என்பது எல்லாரும் அறிந்தது. உடையவர் ஸந்நிதியில் ஸாதிக்கப்படுவதற்கு என்ன பெயர் என்று கேட்டால், அடிக்கடி கோயிலுக்கு வருகிறவர்களிலும் சிலர் விழிப்பதை அடியேன் கண்டதுண்டு. அதற்கு முதலியாண்டான் என்று பெயர். ஒரு மஹா வித்வானுடைய திருநாமம், அவருடைய ஆசார்யனின் பாதுகைக்குப் பெயராக அமைந்திருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளாகப் பாமரரும் பண்டிதரும் அந்தப் பெயரைத் தலையில் தாங்கி வருகின்றனர்.

இந்தப் பெருமை ஆண்டானுக்கு எதனால் வந்தது? ஸகல சாஸ்திரங்களையும் கற்றதனால் என்று சொல்லலாம். ஆனால் அவரைப் போலவே கற்ற வித்வான்கள் உடையவர் திருவடிவாரத்தில் பலர் இருந்தனர். எம்பெருமானாருக்கு உறவினர் என்பதனால் என்றும் சொல்லலாம். உறவினர் வேறு பலரும் இருந்தனர். நம் பூர்வர்கள் காட்டும் காரணம் வேறு. அது ஒரு தண்ணீர்க் குடத்திலும் ஓர் அடுக்களையிலும் இருக்கிறது. பெரியோர் வழிவழியாகச் சொல்லி வந்த அந்தச் சரித்திரத்தைத் திருவிழாவுக்கு எழுந்தருளியிருக்கும் அன்பர்கள் முன் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

திருவவதாரம்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்து நசரத்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. பச்சைவாரணப் பெருமாள் அங்கே கோயில் கொண்டருளியிருக்கிறார். அந்தத் தலமே ஆண்டானின் அவதார ஸ்தலம். எம்பெருமானார் திருவவதரித்த 1017ஆம் ஆண்டுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1027ஆம் ஆண்டில், சித்திரை மாதம் புனர்பூச நட்சத்திரத்தில் ஆண்டான் அவதரித்தார் என்று குருபரம்பரைக் கணக்கு கூறும். ஸ்ரீராமபிரானின் திருநட்சத்திரம் புனர்பூசமாதலால், தசரதகுமாரனின் பெயரையே இட்டு தாசரதி என்று அழைத்தனர். சித்திரைத் திருவாதிரை எம்பெருமானாரின் திருநட்சத்திரம். அதை அடுத்து வரும் நட்சத்திரம் ஆண்டானுடையது. ஆசார்யனைத் தொடர்ந்தே நடப்பது என்னும் முறை நட்சத்திரத்திலேயே அமைந்துவிட்டது என்று பெரியோர் ரஸிப்பதுண்டு.

இவர் எம்பெருமானாரின் ஸஹோதரியின் திருக்குமாரர். இளமையிலேயே வேதங்களையும் சாஸ்திரங்களையும் பழுதறக் கற்றார். எம்பெருமானார் காஞ்சீபுரத்தில் பேரருளாளன் ஸந்நிதியில் துறவறம் மேற்கொண்டபோது, அவரை முதலில் வந்து அடைந்த சிஷ்யர்கள் இருவர். ஒருவர் கூரத்தாழ்வான், மற்றவர் முதலியாண்டான். ஸந்யாஸிகள் கையில் ஏந்தும் த்ரிதண்டம் முதலியாண்டான் என்றும், அதில் கட்டும் பவித்ரம் கூரத்தாழ்வான் என்றும் ஸம்ப்ரதாயத்தில் வழங்கும். துறவியான உடையவர் எல்லாப் பந்தங்களையும் துறந்தார். ஆனால் த்ரிதண்டத்தைத் துறக்க இயலாததுபோல் ஆண்டானை மட்டும் துறக்கவில்லை என்று சொல்லுவார்கள்.

உடையவர் திருவரங்கம் எழுந்தருளியபோது இருவரும் உடன் வந்தனர். கோயில் ஸ்ரீகார்யத்தை உடையவர் சீர்திருத்தி அமைத்தபோது, நிர்வாகப் பொறுப்பை ஆண்டானிடம் ஒப்படைத்தார் என்று கோயிலொழுகு கூறுகிறது. கல்வி, குலம், எம்பெருமானாரின் உறவு, பெரிய கோயிலில் பொறுப்பு ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலே மனிதனுக்குத் தலை நிமிரும். ஆண்டானுக்கு எல்லாம் ஒருங்கே வாய்த்திருந்தன. அவர் செருக்குற்று நடந்ததாக எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை. ஆனாலும் அகங்காரம் என்பது, உள்ளவனுக்கே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கக்கூடியது. அதைக் காண மற்றொருவருடைய கண் வேண்டியிருக்கிறது.

திருக்கோஷ்டியூர் வாசல்

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் 66ஆவது சுலோகமாக அமைந்திருப்பது சரம சுலோகம். மற்ற உபாயங்களைப் பற்றி நிற்பதை விட்டு, என் ஒருவனையே சரணமாகப் பற்று, உன் பாபங்கள் அனைத்தினின்றும் நான் விடுவிக்கிறேன், சோகப்படாதே என்று கண்ணபிரான் அர்ஜுனனுக்கு அருளியது அதன் திரண்ட கருத்து. சொல் எளிது, அதன் உட்பொருளை ஆசார்யர்கள் ரஹஸ்யமாகவே காத்து வந்தனர். எம்பெருமானார் இப்படிப்பட்ட ரஹஸ்யார்த்தங்களைப் பெறுவதற்காகத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பது யாவரும் அறிந்த சரித்திரம்.

சரம சுலோகார்த்தத்தை அருளியபோது, இதைத் தகுதி பாராமல் எவருக்கும் உபதேசிக்கலாகாது என்று நம்பி நியமித்தார். கூரத்தாழ்வானைப் பற்றி உடையவர் விண்ணப்பிக்க, ஓராண்டு பணிவிடை செய்தாலன்றிச் சொல்லக்கூடாது என்று நம்பி கூறினார். வாழ்நாள் நிலையற்றதாயிற்றே, ஓராண்டு எப்படிக் காத்திருப்பது என்று ஆழ்வான் கலங்கவே, ஒரு மாத உபவாஸம் அதற்கு ஈடாகும் என்று முடிவாயிற்று. ஆழ்வான் மடத்து வாசலில் ஒரு மாதம் உண்ணாமல் கிடந்து அந்தப் பொருளைப் பெற்றார்.

அடுத்து ஆண்டான் விண்ணப்பித்தார். எம்பெருமானார் தாமே உபதேசிக்கவில்லை. திருக்கோஷ்டியூர் நம்பியிடமே சென்று பெற்றுக்கொள்ளும்படி நியமித்தருளினார். அவ்வாறே ஆண்டான் திருக்கோஷ்டியூர் சென்று நம்பியின் திருமாளிகை வாசலில் ஆறு மாதம் காத்திருந்தார். நம்பி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆறு மாதம் கழிந்தபின் ஒரு நாள், நீர் யார் என்று வினவினார். ஆண்டான் தம் பெயரைச் சொல்லி, எம்பெருமானாரோடு தமக்குள்ள தொடர்பையும் சொன்னார்.

நம்பி அப்போது சொன்னதைப் பெரியோர் இவ்வாறு காட்டுவர். கல்வியால் வரும் செருக்கு, செல்வத்தால் வரும் செருக்கு, குலத்தால் வரும் செருக்கு என்று மூன்று உண்டு. இம்மூன்றும் ஒருவனை விட்டு நீங்கிய பிறகே இந்தப் பொருள் அவனுக்கு நிலைக்கும். அவை நீங்கி நின்றால் உம்முடைய ஆசார்யரே உமக்கு அருளிச் செய்வார், போய் வாரும் என்று அவர் விடை கொடுத்தார். ஆறு மாதம் வாசலில் நின்றவர் வெறுங்கையுடன் திருவரங்கம் திரும்பினார்.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சரம சுலோகத்தின் பொருள், என்னிடம் ஒன்றுமில்லை, எல்லாம் அவனே என்று கைவிரித்து நிற்பது. அதை ஆகிஞ்சந்யம் என்பர். கையில் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டிருப்பவன் கைவிரிக்க இயலாது. கற்றவன் தன் கல்வியைப் பற்றிக்கொண்டிருக்கிறான். அந்தக் கல்வியைக் கொண்டே இந்தப் பொருளையும் கற்றுவிடலாம் என்று எண்ணுகிறான். நம்பி மறுத்தது ஆண்டானின் அறிவுக் குறைவினால் அன்று. மேலும் ஒரு கல்வியாக இது அவரிடம் சேர்ந்துவிடலாகாது என்பதனாலேயே மறுத்தார் என்று கொள்ள இடமுண்டு.

சீதன வெள்ளாட்டி

எம்பெருமானாருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்துவைத்த ஆசார்யர் பெரிய நம்பி. அவருடைய திருக்குமாரத்தி அத்துழாய். மணமாகிப் புக்ககத்தில் வாழ்ந்துவந்த அத்துழாய், ஒரு நாள் நீர்த்துறைக்குச் சென்றுவரத் துணை வேண்டும் என்று மாமியாரைக் கேட்டாள். நீ பிறந்தகத்திலிருந்து சீதன வெள்ளாட்டியை அழைத்துவந்தாயோ என்று மாமியார் கடிந்து பேசினாள். சீதனத்தோடு பணிப்பெண்ணையும் சேர்த்து அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் வசதியுள்ள வீடுகளில் இருந்தது. பெரிய நம்பியின் இல்லத்தில் அத்தகைய வசதி ஏது? ஏழைத் தகப்பனாரின் பெண்ணுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. கண் கலங்கத் தகப்பனாரிடம் வந்து முறையிட்டாள்.

பெரிய நம்பி தாம் ஒன்றும் செய்யவில்லை. உன் தமையனாரிடம் போய்ச் சொல் என்று உடையவரிடம் அனுப்பிவைத்தார். தம் சிஷ்யரேயாயினும், ஸந்யாஸியாகி ஸம்ப்ரதாயத்தின் தலைவராய் வீற்றிருப்பவரைப் பெண்ணுக்குத் தமையனாராகவே அவர் எண்ணியிருந்தார். அத்துழாய் வந்து முறையிட்டதும், உடையவர் அதிகம் யோசிக்கவில்லை. அருகே நின்றுகொண்டிருந்த ஆண்டானைக் காட்டி, இதோ உன் சீதன வெள்ளாட்டி, அழைத்துச் செல் என்று நியமித்தருளினார்.

கேட்பவர் மெய்சிலிர்க்கும் இடம் இது. பெரிய கோயிலின் நிர்வாகத்தை நடத்தியவர், ஸகல சாஸ்திர விற்பன்னர், உடையவரின் த்ரிதண்டம் என்று போற்றப்பட்டவர், ஒரு பெண்ணின் புக்ககத்தில் பணிப்பெண் ஸ்தானத்தில் அமர்த்தப்படுகிறார். அவர் மறுத்ததாகவோ, முகம் சுளித்ததாகவோ, எத்தனை நாள் என்று கேட்டதாகவோ சரித்திரம் சொல்லவில்லை. அத்துழாயின் பின்னால் நடந்து சென்றார். நீர்த்துறைக்குத் துணை போனார். குடம் சுமந்தார். அடுக்களையில் பணி செய்தார். வீட்டார் ஏவியதையெல்லாம் செய்தார். அவர் இன்னார் என்று அவ்வீட்டாருக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. திருக்கோஷ்டியூரில் நீர் யார் என்று கேட்டபோது பெயரும் உறவும் சொன்னவர், இங்கே கேட்பாரும் இன்றிச் சொல்வாரும் இன்றிக் குடத்தைத் தோளில் ஏற்றினார். ஆறு மாதம் வாசலில் நின்றும் கிடைக்காத ஒன்று அந்த அடுக்களையில் மெல்ல மெல்ல அவருக்குக் கைகூடிக்கொண்டிருந்தது.

அடியேனின் அநுபவம்

இந்தச் சரித்திரத்தை அடியேன் ஸம்ஸ்க்ருத பாடசாலையில் படித்த நாளிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் அது காதோடு நின்றது. காவ்யமும் வ்யாகரணமும் கற்று, பரீக்ஷையிலும் தேறி, கோயில் கைங்கர்யத்துக்கு வந்தபோது, மூலஸ்தானத்தில் ஆராதனம் செய்யப்போகிறோம் என்றே எண்ணியிருந்தேன். மூத்த அர்ச்சகர் அடியேனை அழைத்து, திருமஞ்சனத்துக்கும் திருமடைப்பள்ளிக்கும் தீர்த்தம் எடுத்துவரும் பணியைக் கொடுத்தார். கிணற்றில் இறைத்து, பித்தளைக் குடத்தில் நிரப்பி, மடியோடு சுமந்து வரவேண்டும். விடியற்காலையில் தொடங்கினால் தளிகை ஆகும் வரை ஓயாது. கற்ற சாஸ்திரமெல்லாம் கயிறு இழுக்கவா என்று உள்ளே புழுங்கினேன். ஒரு நாள் உடல்நலம் இல்லை என்று பொய் சொல்லிப் படுத்தும் இருந்தேன்.

என்னோடு தீர்த்தம் எடுத்துவந்தவர் ஒரு வயோதிகப் பரிசாரகர். ஸம்ஸ்க்ருதம் கற்றவர் அல்லர். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். கயிறு இழுக்கும்போதும் குடத்தோடு நடக்கும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். திருவாய்மொழியைத் தம் தகப்பனாரிடம் ஸந்தை சொல்லிக் கற்றவர் என்பது பின்னாளில் தெரிந்தது. ஒரு நாள் அடியேன் கோஷ்டியில் சேவித்தபோது ஒரு பாசுரத்தில் பதம் பிரித்த விதம் தவறு. கோஷ்டியில் அதை எவரும் சொல்லவில்லை. மறுநாள் கிணற்றடியில், வேறு யாரும் இல்லாத நேரத்தில், அந்தப் பரிசாரகர் மிகுந்த பணிவோடு அதைத் திருத்தினார். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அன்று முதல் தினமும் குடம் நிரம்புவதற்குள் ஒரு பாசுரம் அவரிடம் கேட்பது வழக்கமாயிற்று. மூன்று ஆண்டுகள் அடியேன் வெறுத்துத் தொடங்கிய அந்தப் பணியில், பாடசாலையில் கிடைக்காத பாடம் கிடைத்தது. மூலஸ்தானத்தில் ஆராதனம் கிடைத்த நாளில் அடியேனுக்கு உள்ளூர ஒரு வருத்தமே உண்டாயிற்று என்று சொன்னால் நம்புவது கடினம்.

ஆண்டானுக்கும் அடியேனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வாசி. அவர் மகிழ்ந்து ஏற்றதை அடியேன் புழுங்கி ஏற்றேன். ஆயினும் அந்தக் கிணற்றடிக்குப் பிறகே அவர் சரித்திரம் அடியேனுக்குப் புரியத் தொடங்கியது.

அடுக்களையில் கேட்ட குரல்

நாட்கள் கடந்தன. ஒரு நாள் அத்துழாயின் புக்ககத்துக்கு ஒரு வைஷ்ணவர் வந்து ஆழ்வார்களின் அருளிச்செயலுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டார் சூழ அமர்ந்து கேட்டனர். வந்தவர் ஓரிடத்தில் பொருந்தாத பொருளைச் சொன்னார். பணியில் இருந்த ஆண்டானின் செவியில் அது விழுந்தது. தம்மை மறைத்துக்கொண்டிருந்த அவரால் இதை மட்டும் பொறுக்க முடியவில்லை. தம் பெயருக்கு இழுக்கு வந்தபோது பேசாதிருந்தவர், அருளிச்செயலின் பொருளுக்கு இழுக்கு வந்தபோது பேசினார். அவ்வாறு பொருள் கொள்ளலாகாது என்று சொல்லி, உரிய பொருளை விளக்கினார்.

சபை திகைத்தது. தண்ணீர் சுமக்கும் பணியாள் இப்படிப் பேச முடியுமா? வந்த வைஷ்ணவர் அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். நீர் யார் என்று வினவியபோது உண்மை வெளிப்பட்டது. உடையவரின் த்ரிதண்டத்தையே தம் வீட்டு அடுக்களையில் ஏவிவந்தோம் என்று அறிந்து வீட்டார் நடுங்கினர். இப்படிப்பட்ட பணியை ஏன் செய்தீர் என்று கேட்க, ஆசார்யன் நியமனம், ஆகையால் செய்தேன் என்பதற்குமேல் ஆண்டான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டார் உடையவரிடம் ஓடிவந்து அடிபணிந்தனர். அத்துழாயைக் கடிந்து பேசிய தவறுக்கு வருந்தி, ஆண்டானை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று மன்றாடினர். ஆக, ஒரு குடத்தினால் மூன்று காரியங்கள் நிறைவேறின. அத்துழாயின் கண்ணீர் துடைக்கப்பட்டது. மாமியாரின் கடுஞ்சொல் மாறியது. ஆண்டானைத் திருப்பி அனுப்பிய நம்பி காட்டிய மூன்று செருக்குகளும் சுவடின்றிப் போயின. எம்பெருமானார் உகந்து, ஆண்டானை அருகழைத்து, சரம சுலோகத்தின் உட்பொருளை அருளிச் செய்தார்.

சொன்னதும் செய்ததும்

இங்கே ஒரு தத்துவம் இருக்கிறது. ஜீவாத்மாவின் ஸ்வரூபம் சேஷத்வம் என்று நம் ஸித்தாந்தம் கூறும். அதாவது, உடையவனுக்கே உரிய பொருளாய் இருத்தல். ஒருவன் தன் பொன்னையோ நிலத்தையோ வேறொருவருக்குக் கொடுத்தால், பொன் மறுப்பதில்லை, நிலம் முறையிடுவதில்லை. அப்படி ஆத்மாவும் எம்பெருமானுக்கும், அவன் நியமனத்தால் அவன் அடியார்க்கும் உரியதாய் நிற்கவேண்டும். இதை நூலில் படிக்கலாம், உபந்யாஸமும் செய்யலாம். ஆனால் ஆண்டான் அன்று உண்மையாகவே சீதனப் பொருளாகக் கொடுக்கப்பட்டார். எந்த அர்த்தத்தைத் தேடிச் சென்றாரோ, அந்த அர்த்தமாகவே சில நாள் வாழ்ந்தார். அதன் பிறகு உபதேசம் என்பது, அவர் ஏற்கெனவே அநுபவித்ததற்குப் பெயர் சூட்டியதாகவே இருந்திருக்கும்.

இப்படி நியமித்த எம்பெருமானார் தாம் செய்யாததைச் சிஷ்யரைச் செய்யச் சொன்னவர் அல்லர். திருவரங்கப் பெருமாளரையரிடம் அர்த்தம் பெறுவதற்காக, உடையவர் ஆறு மாதம் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும், மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்தும் பணிவிடை செய்தார். ஒரு நாள் காப்பின் பக்குவம் சரியாக அமையாமல் அரையரின் திருமுகம் வாடக் கண்டு, மீண்டும் அரைத்து அவர் உகக்கும்படி சமர்ப்பித்தார் என்பர். ஸ்ரீபாஷ்யம் அருளிய திருக்கை மஞ்சள் அரைத்த கையும் ஆகும். அந்தக் கையே ஆண்டானின் தோளில் குடத்தை ஏற்றியது.

சாளக்கிராமத்துக் குளம்

பின்னாளில் சோழ நாட்டில் நேர்ந்த இடரினால் உடையவர் மேலைநாட்டுக்கு எழுந்தருள நேர்ந்தது. வழியில் மிதிலாபுரி சாளக்கிராமம் என்ற ஊரை அடைந்தார். இன்றைய கர்நாடக மாநிலம் மைசூர்ப் பகுதியில் உள்ள அவ்வூரார் அப்போது வைஷ்ணவ நெறியை அறியாதவர்கள். வந்தவர்களை வரவேற்கவும் இல்லை. உடையவர் அவர்களோடு வாதம் செய்யவில்லை. ஊரார் நீர் எடுக்கும் துறையில் ஆண்டானின் திருவடிகளை விளக்கும்படி நியமித்தார். அந்த நீரைப் பயன்கொண்ட ஊரார் மனம் மாறி, உடையவர் திருவடிகளை வந்து அடைந்தனர் என்று சரித்திரம் கூறுகிறது. ஸ்ரீபாத தீர்த்தம் என்று வழங்கும் அந்தத் துறையை யாத்ரிகர்கள் இன்றும் சென்று ஸேவிக்கின்றனர்.

எத்தனையோ மஹான்கள் உடன் இருக்க, ஆண்டானின் திருவடியை உடையவர் தேர்ந்தெடுத்தது ஏன்? பிறர் வீட்டுக்கு நீர் சுமந்து நடந்த திருவடி அல்லவா அது! சுமந்த நீர் ஒரு வீட்டைத் திருத்தியது. பட்ட நீர் ஓர் ஊரையே திருத்தியது. அந்த ஊரிலிருந்து உடையவருக்குக் கிடைத்தவர் வடுகநம்பி. உடையவருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில் நம்பெருமாள் திருவீதி எழுந்தருள, ஸேவிக்க வா என்று உடையவரே அழைத்தும், அடுப்பிலிருக்கும் பால் பொங்கிவிடுமே என்று அடுக்களையை விட்டு வராதவர் அவர். ஆண்டானின் அடுக்களையும் வடுகநம்பியின் அடுக்களையும் ஒரே பாடத்தையே சொல்லுகின்றன.

ஆண்டானின் திருக்குமாரர் கந்தாடையாண்டான். ஸ்ரீபெரும்பூதூரில் இன்று நாம் ஸேவிக்கும் எம்பெருமானாரின் திருமேனியை, உடையவர் எழுந்தருளியிருந்த காலத்திலேயே அவர் நியமனம் பெற்று எழுந்தருளப் பண்ணியவர் இவர். இந்தக் கந்தாடைக் குலம் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யத்திலும் ஸம்ப்ரதாய ரக்ஷணத்திலும் நின்றது. இக்குலத்தில் தோன்றிய கோயில் கந்தாடையண்ணன் மணவாள மாமுனிகளின் பிரதான சிஷ்யர்களில் ஒருவரானார்.

அன்பர்களே! திருவிழாவுக்கு வந்திருக்கும் நாம் எல்லாரும் பெருமாளை அருகே நின்று ஸேவிக்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறோம். அது நியாயமான ஆசை. ஆனால் உற்ஸவத்தில் பணிகள் பலவகை. யாரோ ஒருவர் விடியுமுன் வீதியைப் பெருக்குகிறார். யாரோ தண்ணீர்ப் பந்தலில் நின்று பானை நிரப்புகிறார். யாரோ அடியார்களின் செருப்புகளைக் காவல் காக்கிறார். திருமடைப்பள்ளிப் புகையில் நிற்பவருக்குப் பெருமாள் புறப்பாடு கண்ணில் படுவதே இல்லை. வீட்டிலே வயோதிகத் தாயாரைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டு, திருவிழாவுக்கே வரமுடியாமல் போனவரும் உண்டு. இந்தப் பணி நமக்கு வந்ததே என்று அவர்களில் சிலர் மனம் நோவதும் உண்டு. அடியேன் நொந்தவன், ஆகையால் அறிவேன். அவர்களுக்கே இந்தச் சரித்திரத்தை அடியேன் முதலில் சமர்ப்பிக்கிறேன்.

நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பணியில் நம் விருப்பமும் கலந்திருக்கிறது. நாம் வேண்டாமென்று தள்ளும் பணியில், நம்மைத் தவிர மற்றவையெல்லாம் இருக்கின்றன. ஆண்டான் தேடிச் சென்ற இடத்தில் பொருள் கிடைக்கவில்லை. அனுப்பப்பட்ட இடத்தில் கிடைத்தது. இதை மறவாதிருப்பதற்காகவே நம் பூர்வர்கள் எம்பெருமானாரின் திருவடிநிலைக்கு அவர் பெயரை இட்டு வைத்தார்கள் போலும். பாதுகை தான் போக விரும்பும் இடத்துக்குப் போவதில்லை. அணிந்தவர் திருவுள்ளம் எங்கோ அங்கே போகிறது. அப்படிப் போனதனால், காலில் கிடந்த அது நம் தலைமேல் ஏறுகிறது.

இந்த உற்ஸவத்தில் உடையவர் ஸந்நிதிக்கு வந்து தலை தாழ்த்தி நிற்கும்போது, முடிமேல் படுவது முதலியாண்டான் என்பதை நினைவு கூருங்கள். அதோடு அந்தத் தண்ணீர்க் குடத்தையும் நினைவு கூர்ந்தால், வீடு திரும்பியதும் காத்திருக்கும் பணி சற்று இலேசாகத் தோன்றும்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.
முதலியாண்டான் திருவடிகளே சரணம்.